தோள் கொடுக்க நாலு பேர்

எங்க தாத்தா கருப்புச் சட்டைக்காரர். திட்டக்குடி பக்கம் ஒரு கிராமம். வெள்ளாற்றங்கரையில கொஞ்சம் நிலம், ஒரு சைக்கிள், தினமும் விடுதலை பேப்பர், அவ்வளவுதான் சொத்து. "நான் செத்தா சடங்கு எதுவும் கூடாது. நீர்மாலை, கொள்ளி, வாய்க்கரிசி, மொட்டை, கருமாதி ஒண்ணும் வேணாம். பதினாறாம் நாள் ஒரு படத்திறப்பு வெச்சு எல்லாருக்கும் சோறு போடுங்க, போதும்"னு நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்பாகிட்ட கொடுத்து வெச்சிருந்தார்.

நான் முதல் வருஷம் படிக்கும்போது இறந்துட்டார். ராத்திரி பஸ் பிடிச்சு விடியக்காலம் போய்ச் சேர்ந்தேன். வாசல்ல சாமியானா போட்டாச்சு, ஐஸ் பெட்டி வந்தாச்சு, பந்தல்ல நாற்காலி போட்டதும் டீ கொடுத்ததும் எல்லாம் பங்காளிங்க. அப்பா அந்த நோட்டைக் காட்டினார். பெரியவர் ஒருத்தர் படிச்சுப் பார்த்துட்டு அமைதியா ஒண்ணு கேட்டார்: "சரிப்பா, கொள்ளி வேணாம்னா எங்க தோள் மட்டும் எதுக்கு?"

மதியத்துக்கு மேல பக்கத்து ஊர்கள்ல இருந்து தோழர்கள் வந்தாங்க. மொத்தம் நாலு பேர். எல்லாருமே எழுபதைத் தாண்டினவங்க. ஒருத்தர் கண் ஆபரேஷன் பண்ணி கருப்புக் கண்ணாடியோட வந்திருந்தார். மாலை வெச்சாங்க, வீரவணக்கம் சொன்னாங்க. அவங்களால பாடை தூக்க முடியாது. எங்க அப்பா ஒரு மணி நேரம் திண்ணையில உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய் நீர்மாலைக்குக் குடத்தை எடுத்தார்.

அப்பாவைக் குறை சொல்லி இதை எழுதல. அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். கடவுள் இல்லைன்னு அறுபது வருஷம் சொன்ன ஒரு மனுஷன் கடைசியில எப்படிப் போகணும்ங்கிறதை, அவரைத் தூக்கிட்டுப் போறவங்கதான் முடிவு பண்றாங்க. எங்க ஊர்ல தூக்கிட்டுப் போறவங்கன்னா பங்காளிங்க. பங்காளின்னா சாதி. அதனால "நாத்திகர்களுக்கு ஒரு சர்ச் மாதிரி அமைப்பு தேவையா?"ன்னு யாராவது கேட்டா எனக்கு அது தத்துவக் கேள்வியா தெரியறதில்ல. அன்னைக்கு நாலு தோள் இருந்ததா, இல்லையா? இருந்ததா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

இதுக்கு வெளிநாட்டுல ஒரு சோதனை நடந்திருக்கு. 2013 ஜனவரியில லண்டன்ல சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ்னு ரெண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் 'சண்டே அசெம்ப்ளி' ஆரம்பிச்சாங்க. வழிபாடு நின்னுபோன ஒரு பழைய சர்ச் கட்டிடத்துல முதல் கூட்டம். எல்லாரும் சேர்ந்து சினிமாப் பாட்டு மாதிரி தெரிஞ்ச பாட்டா பாடுவாங்க, யாராவது அறிவியல் பேசுவாங்க, கடைசியில டீயும் கேக்கும். சாமி மட்டும் கிடையாது. பல நாடுகள்ல கிளை வந்துச்சு. சில வருஷத்துலயே நிறைய கிளைகள் மூடவும் செஞ்சுது. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல. பாட்டும் கேக்கும் மட்டும் இருந்தா மழை பெய்யற ஞாயிற்றுக்கிழமை யாரு வருவா? (நம்ம ஹாஸ்டல்ல மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையே காலை டிபனுக்கு யாரும் வர்றதில்ல.)

லண்டனைப் பார்த்துக் கத்துக்கிற நிலைமையில நாம இல்லவும் இல்ல. 1925-ல குடி அரசு வந்ததுல இருந்து கணக்குப் போட்டா, உலகத்துல வேற எங்கயும் எளிதா பார்க்க முடியாத ஒண்ணை இங்க செஞ்சு பார்த்திருக்காங்க. கிராமத்து மனுஷங்களுக்கு, புரோகிதர் இல்லாம வாழறதுக்கான ஏற்பாடு. 1929-ல செங்கல்பட்டுல மாநாடு. ஊர் ஊருக்குப் படிப்பகம். திருச்சியில ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இல்லம். எல்லாத்துக்கும் மேல சுயமரியாதைத் திருமணம். எங்க தாத்தா பாட்டி கல்யாணம் 1964-ல அப்படித்தான் நடந்துச்சு. அந்த மாதிரி ஒரு திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு 1953-லயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. அது தெரிஞ்சேதான் ஆயிரக்கணக்கான பேர் பண்ணிக்கிட்டாங்க. 1967-ல அண்ணா ஆட்சியில சட்டம் கொண்டுவந்து, பழைய திருமணங்களும் செல்லும்னு ஆக்கினாங்க. "உங்க பெரியத்தை பொறந்தப்போ சட்டப்படி நாங்க புருஷன் பொண்டாட்டியே இல்ல"ன்னு தாத்தா சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். பாட்டிக்கு அந்த ஜோக் பிடிக்காது.

இதே கடலூர்ல 1944-ல பெரியார் மேல செருப்பு வீசினாங்க. 1972-ல அந்த இடத்துலயே சிலை வந்துச்சு. சிலை இன்னைக்கும் இருக்கு. எங்க கிராமத்துப் படிப்பகம்தான் பூட்டிக் கிடக்கு.

கல்யாணத்துக்கு ஒரு முறை கண்டுபிடிச்சு அதுக்குச் சட்டமே வாங்கின இயக்கம், சாவுக்கும் காய்ச்சலுக்கும் கிராமத்துல அதே அளவுக்கு ஆள் சேர்க்கலையோன்னு தோணுது. கல்யாணம் ஒரு நாள் விஷயம், தலைவரைக் கூப்பிட்டு மேடை போட்டுடலாம். காய்ச்சல் அப்படி இல்ல. ரெண்டாம் வருஷம் எனக்கு டெங்கு வந்தப்போ, ரூம்மேட் போற ஜெபக்குழுவுல இருந்து அஞ்சு நாள் கஞ்சி வந்துச்சு. அந்த அண்ணன்களை எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. ஒருத்தர்கூட 'சர்ச்சுக்கு வா'ன்னு கூப்பிடல. தலைமாட்டுல நின்னு ஜெபம் பண்ணட்டுமான்னு மட்டும் கேட்டாங்க. சரின்னேன். என்கூட யூடியூப்ல பகுத்தறிவு வீடியோ பார்த்து விவாதம் பண்ற நண்பர்கள் நலம் விசாரிச்சு மெசேஜ் போட்டாங்க. நல்லவங்கதான். ஆனா யார் என்னைக்கு கஞ்சி எடுத்துட்டுப் போகணும்னு எங்ககிட்ட பட்டியல் இல்ல.

"மதத்தை விட்டு வந்ததே இந்தக் கூட்டத்துல இருந்து தப்பிக்கத்தானே, மறுபடியும் எதுக்குக் கூட்டம்?"னு ஒரு சீனியர் அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கூட்டம்னு ஒண்ணு சேர்ந்தா தலைவர் வருவார், நன்கொடை வரும், 'நீ சரியான நாத்திகனா'ன்னு சோதிக்கிறவரும் வருவார். இதுக்கு எங்கிட்ட முழுசா பதில் இல்ல. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். கூட்டமே வேணாம்னு சொல்ற உரிமை யாருக்கு இருக்கு? சென்னையில அபார்ட்மெண்ட்ல இருந்தா போன் பண்ணினா அமரர் ஊர்தி வரும், மின்மயானத்துல முடிஞ்சுடும். எங்க ஊர்ல பங்காளி வேணாம்னா வேற யாராவது வேணும். இல்லன்னா அந்தக் குடத்தைத்தான் எடுக்கணும்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். படிப்பகம் நல்லா ஓடின காலத்துலயும் அங்க எங்க பாட்டி ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்ல. பேப்பர், கேரம் போர்டு, அரசியல், பீடி, எல்லாம் ஆம்பளைங்க. 1938-ல அவருக்குப் 'பெரியார்'னு பட்டம் கொடுத்ததே பெண்கள் மாநாடுதான். எங்க ஊர்ப் படிப்பகத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரல போல. எங்க அம்மா அந்த வீட்டுக்கு மருமகளா வந்து, பத்து வருஷம் கழிச்சு மேல்மருவத்தூர் மன்றத்துல சேர்ந்தாங்க. தாத்தா ஒண்ணும் சொல்லல, மனசுக்குள்ள வருத்தம்தான். சிவப்புப் புடவை கட்டிக்கிட்டு வெள்ளிக்கிழமை போவாங்க. அங்க பெண்களே பூஜை பண்றாங்க, மாதவிலக்குன்னு யாரையும் வெளிய நிறுத்தறதில்ல. யார் வீட்டுல பிரசவம், யாருக்கு வட்டிக்கடன்னு எல்லாம் அங்கதான் பேசிக்கிறாங்க. அம்மா சாமிக்காகப் போறாங்களா, அந்த ரெண்டு மணி நேரத்துக்காகப் போறாங்களான்னு நான் கேட்டதில்ல. தாத்தாவோட படிப்பகம் அந்த ரெண்டு மணி நேரத்தை அவங்களுக்குக் கொடுக்கல, அது நிச்சயம்.

எங்க மாவட்டத்துலயே வடலூர் இருக்கு. வள்ளலார் நாத்திகர் இல்ல, ஜோதியை வணங்கினவர். ஆனா அவர் சத்திய ஞான சபையை 1872-ல கட்டறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1867-ல தருமசாலை அடுப்பைப் பத்த வெச்சுட்டார். அந்த அடுப்பு இன்னும் அணையல. வர்றவங்க என்ன சாதின்னு கேட்காம சோறு போடறாங்க. முதல்ல அடுப்பு, அப்புறம் சபை. நாம எதை முதல்ல செய்யணும்னு யோசிக்கிறவங்க அந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்க.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்ல. மேடை வேணாம், வாராவாரம் உரை வேணாம். உங்க தாலுகாவுல ஒரு நோட்டு. ரத்தம் கொடுக்க யாரு, ஆஸ்பத்திரியில ராத்திரி துணைக்கு இருக்க யாரு, சாவு வீட்டுல குழி வெட்டவும் தூக்கவும் யாரு. எல்லாச் சாதியிலயும் இருந்து, ஆணும் பெண்ணும், முப்பது பேர். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாதுங்கிற கட்டுப்பாடு நமக்கு எதுக்கு? தோள்ன்னா தோள்தானே. சாமி கும்பிடறவங்க கூப்பிட்டாலும் போகணும். அவங்க வீட்டுச் சடங்கை நிறுத்தச் சொல்லி நிபந்தனை போடக்கூடாது. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்.

போன செமஸ்டர் லீவுல படிப்பகத்துச் சாவியை அந்தக் கருப்புக் கண்ணாடித் தாத்தாகிட்ட இருந்து வாங்கினேன். கரையான் அரிச்சது போக நாற்பது புத்தகம் தேறுச்சு. நோட்டுல இதுவரைக்கும் பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் பொண்ணுங்க. பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தனும் இருக்கான், அவன் சபரிமலைக்கு மாலை போடறவன். அம்மாவையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கிழமை வெக்காதடா, மன்றம் இருக்கு"ன்னாங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தியிருக்கோம்.