மந்திரமும் கட்டளையும்

மட்டக்களப்புக்குச் செல்பவனை மந்திரத்தாற் பாயோடு ஒட்ட வைத்துவிடுவர் என்பது அயலூரார் நம்மைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. நமது விருந்தோம்பலையே அவர்கள் மந்திரமாக்கினர் என்று நாம் சமாதானம் கூறுவதுண்டு. ஆயின், இன்று வாவிக்கரையிலே மந்திரம் உண்மையாகவே ஓதப்படுகின்றது. ஓதப்படும் இடம் கோயிலன்று, கணினி ஆய்வுகூடம்.

மேகக் கணிமை என்பது தொலைவிலுள்ள பிறர் கணினிகளை இணையத்தின் வழியே கட்டணத்துக்குப் பயன்படுத்துவதாகும். கூகுள் நிறுவனத்தின் மேகத்தளத்தினுள் நுழைய விரும்பும் மாணவன் கட்டளைச் சாளரத்தைத் திறக்கிறான். யாரோ எழுதிக்கொடுத்த ‘ஜிகிளவுட் ஓத் லொகின்’ என்னும் மூன்று சொற்களைத் தட்டுகிறான். உலாவி திறக்கின்றது, ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்துகிறான், காரியம் நிறைவேறுகின்றது. நடந்தது யாது என வினவின், “லொகின் பண்ணினேன்” என்பதே விடை. இதனைக் கல்வியென்று கொள்வோமாயின், பொருளறியாது மந்திரம் முணுமுணுப்பவனையும் பண்டிதன் என்றே கொள்ளல் வேண்டும்.

உண்மையில் நடந்தவை இரண்டு. முதலாவதாக, தான் இன்னான் என்பதை உலாவியின் வழியே அந்நிறுவனத்துக்கு அவன் நிறுவினான். இரண்டாவதாக, தன் பெயரால் இயங்கும் அதிகாரத்தை அக்கட்டளைக் கருவிக்கு அளித்தான். அவனுடைய கடவுச்சொல் கருவியிடம் செல்லவில்லை. அதற்குப் பதிலாக அனுமதிச் சீட்டுகள் கணினியிலே எழுதப்பட்டன. ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற் காலாவதியாகும். மற்றையது புதிய சீட்டுகளைப் பெற்றுத் தருவது. இரத்துச் செய்யும்வரை அது பொதுவாகச் செல்லுபடியாகும். சாளரத்தை மூடுவதாலோ உலாவியிலிருந்து வெளியேறுவதாலோ அது அழிவதில்லை. ‘ஜிகிளவுட் ஓத் ரிவோக்’ என்னும் தனிக் கட்டளை அதற்கு வேண்டும். அன்றியும், நாம் எழுதும் நிரல்களுக்கென ‘அப்ளிகேஷன் டிபோல்ட்’ என்ற வேறொரு நுழைவும் உண்டு. அதன் சீட்டு தனிக் கோப்பில் இருப்பதால், முன்னையதை இரத்துச் செய்த பின்னரும் அது எஞ்சியிருக்கும்.

ஒரே பயனர் பெயரிற் பலர் மாறி மாறி அமரும் பொதுக் கணினியில் இதன் விளைவு என்ன? ஒரு மாலை, எனக்கு முன் அமர்ந்திருந்தவரின் பெயரிலேயே கருவி எனக்குப் பணி செய்யக் கண்டேன். நான் விரும்பியிருந்தால் அவர் கணக்கில் இயந்திரங்களை இயக்கிக் கட்டணத்தை அவர் தலையிலே சுமத்தியிருக்கலாம். வாவியில் மீன்பிடித்துத் திரும்புபவன் தோணியைக் கட்டாமற் கரையேறுவதில்லை. பட்டம் பெறவிருக்கும் நாமோ கட்டாமலே கரையேறுகின்றோம்.

உலாவியில்லாத கணினியிலிருந்து நுழைவதற்குச் சில சேவைகளிற் குறியீட்டு முறையொன்றும் உண்டு. கருவி தரும் குறியீட்டை வேறொரு சாதனத்தின் உலாவியில் இட்டு நுழைவை உறுதிசெய்தல் வேண்டும். கள்வர் தாம் தொடங்கிய நுழைவின் குறியீட்டை நமக்கு அனுப்பி, நம்மைக் கொண்டே அதனை உறுதிசெய்விப்பர். இம்மோசடி குறித்து மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 பெப்ரவரியில் எச்சரித்தது. இங்கே களவாடப்படுவது கடவுச்சொல்லன்று, நமது சம்மதம். பொருளறியாது பொத்தானை அழுத்தப் பழகியவனுக்கு இக்களவு எங்ஙனம் புலனாகும்?

“கட்டளை ஆங்கிலம், ஆதலால் விளக்கமும் ஆங்கிலத்திலேயே போதும்” என்பார் உளர். உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்று வந்தவனுக்கு அவ்விளக்கம் விளங்கியதா என்று அவர்கள் சோதித்ததுண்டா? கட்டளையைத் தமிழாக்குமாறு நாம் கேட்கவில்லை, அது கருவிக்குரியது. விளக்கமோ மனிதனுக்குரியது. தன்னை நிறுவுதல் வேறு, அதிகாரமளித்தல் வேறு. இவ்விரண்டையும் ‘லொகின்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியதே குழப்பத்தின் வேர்.

மறுபுறத்தில், சொல்லை ஆக்கிவிட்டாற் கடமை முடிந்ததெனக் கருதும் தமிழன்பரும் உளர். ‘மேகமா, முகிலா’ என்று வாதாடியே அவர்கள் பொழுதைக் கழிப்பர். 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். 1936இற் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானவர். சொல்லாக்கத்தையும் கற்பித்தலையும் ஒருங்கே மேற்கொண்ட அவரது மரபுக்கு உரிமை கோரும் நாம், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பொருளைக் கற்பிக்கும் பணியைக் கைவிடலாமா?

ஆதலின், விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நுழையக் கற்பிக்கும் அதே வகுப்பில், அளித்த அதிகாரத்தை மீளப் பெறவும் தமிழிலே கற்பியுங்கள். மாணவ நண்பர்களே, பொருள் கேளாது எக்கட்டளையையும் தட்டாதீர்கள். நம் முன்னோரின் மந்திரம் விருந்தினரைப் பாயோடு ஒட்ட வைத்தது என்பர். நாம் ஓதும் மந்திரமோ நமது பெயரையே பொதுக் கணினியோடு ஒட்ட வைத்துவிடுகின்றது.