பெயர்ப்பலகையை மட்டும் காக்கும் சட்டம்

இந்தியாவில் கட்டடக்கலைஞர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கட்டடக்கலைப் பணிக்கு இல்லை. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டம் குறித்து நம் கல்லூரிகள் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லத் தவறும் உண்மை இது. ஐந்தாண்டுப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் தொழில்முறை நடைமுறை என்றொரு பாடம் வருகிறது. நடத்தை விதிகளும் கட்டண விகிதங்களும் மனப்பாடமாகின்றன. பட்டம் பெற்று, கட்டடக்கலை மன்றத்தில் பெயரைப் பதிந்து, நண்பர்கள் இருவரோ மூவரோ சேர்ந்து ஓர் அலுவலகம் தொடங்க முனையும் நாளில்தான் அந்தச் சட்டம் அவர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தருகிறது என்பது விளங்குகிறது.

சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்வது இவ்வளவே: பதிவுபெற்ற கட்டடக்கலைஞரோ, கட்டடக்கலைஞர்களின் கூட்டு நிறுவனமோ அன்றி வேறெவரும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது. மீறுவோருக்கு முதல்முறை 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது 1972இல் எழுதப்பட்ட தொகை. வடிவமைப்பும் மேற்பார்வையும் கட்டடக்கலைஞருக்கு மட்டுமே உரியவை அல்ல என்பதைச் சட்டத்தின் நோக்கவுரையே ஒப்புக்கொண்டிருந்தது. நொய்டா வழக்கில் 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதையே உறுதிசெய்தது: பதிவில்லாதவர் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது, ஆனால் அந்தப் பணியைச் செய்வதை இப்பிரிவு தடுக்கவில்லை. தீர்ப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. சட்டத்தில் உள்ளதைத்தான் நீதிமன்றம் வாசித்தது. இல்லாததை எழுதவேண்டிய கடமை நாடாளுமன்றத்துடையது.

பணியைக் காக்காத இச்சட்டம், பணி செய்யும் அமைப்பையும் வரையறுக்கவில்லை. 37ஆம் பிரிவு கூட்டு நிறுவனத்தைக் குறிப்பிடுகிறது; அது எதுவென்று விளக்கும் வரையறை சட்டத்தில் எங்கும் இல்லை. மன்றத்தின் வாசிப்பில் அது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த, பங்காளிகள் அனைவரும் பதிவுபெற்ற கட்டடக்கலைஞர்களாக உள்ள நிறுவனம். அச்சட்டப்படி நிறுவனத்தின் கடமைகளுக்குப் பங்காளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஒருவர் வரைந்த வரைபடத்தில் நேர்ந்த பிழைக்கு, அந்த வரைபடத்தைக் கண்ணால்கூடக் காணாத மற்றவரின் வீடும் சேமிப்பும் ஈடாகலாம்.

பட்டயக் கணக்காளர்களும் ஒருகாலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கான சட்டம் 2008இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய சட்டம் திருத்தப்பட்டு, நிறுவனம் என்பதன் வரையறைக்குள் எல்.எல்.பி.யும் சேர்க்கப்பட்டது. கட்டடக்கலைஞர்கள் சட்டத்துக்கு அப்படியொரு திருத்தம் வரவில்லை. தணிக்கை அறிக்கைக்குக் கிடைத்த அக்கறை மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கிடைக்காதது ஏன் என்ற கேள்வியைத் துறைசார் அமைப்புகள் உரக்கக் கேட்டாக வேண்டும்.

இந்த வெற்றிடத்தால் பயனடைவது யார்? பெயர்ப்பலகையில் கட்டடக்கலைஞர் என்ற சொல்லைத் தவிர்த்து, டிசைன் கன்சல்டன்ட் என்று எழுதிக்கொள்ளும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் அதே மருத்துவமனையை, அதே பள்ளியை வடிவமைக்கலாம். அதன் முதலீட்டாளர்களுக்குக் கட்டடக்கலைக் கல்வி தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் பதிவுபெற்றவரைச் சில விலக்குகள் நீங்கலாக விளம்பரம் செய்யாமல் தடுக்கின்றன. அந்த நிறுவனத்தின் விளம்பரத்தட்டி நெடுஞ்சாலையில் நிற்பதை அவ்விதிகளால் தடுக்க இயலாது. விதிக்குக் கட்டுப்பட்டவன் வாய்மூடி நிற்கிறான். விதிக்கு வெளியே நிற்பவன் முரசறைகிறான்.

அனுமதிக்கான வரைபடத்தில் ஒரு கையொப்பம் வேண்டுமே! அதற்கென்று மாதச் சம்பளத்தில் பதிவுபெற்ற இளைஞர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை. வடிவமைப்பை மாற்றும் அதிகாரமும் பல நேரங்களில் இல்லை. ஆனால் ஒரு விரிசலோ தீவிபத்தோ நேர்ந்தால் கோப்பில் முதலில் தேடப்படும் பெயர் அவருடையதுதான். இன்று இறுதியாண்டில் படிக்கும் மாணவர் பலர் நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்கள்.

வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது பொறுப்பைக் கைகழுவும் வழி என்று ஒரு மறுப்பு எழுகிறது. எல்.எல்.பி. சட்டத்தின் 28ஆம் பிரிவை வாசித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். தன் தவறான செயலுக்கும் புறக்கணிப்புக்கும் பங்காளி தானே பொறுப்பேற்க வேண்டும். பிறர் தவறுக்கு மட்டுமே அவருக்கு விலக்கு. நியாயம் கேட்பதும் அதுதானே? முதலீட்டாளரை அனுமதித்தால் தொழில் வணிகமாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. தொழில் ஏற்கெனவே வணிகமாகிவிட்டது. சட்டத்தின் பார்வைக்கு வெளியே ஆகியிருக்கிறது என்பதே சிக்கல். பிரான்சில் 1977ஆம் ஆண்டின் சட்டம் கட்டடக்கலை நிறுவனங்களை அனுமதித்து, மூலதனத்தில் பாதிக்கு மேல் கட்டடக்கலைஞர் வசம் இருக்கவேண்டும் என்கிறது, காப்பீட்டையும் கட்டாயமாக்குகிறது. பிரிட்டனில் பெயர் மட்டுமே காக்கப்பட்டாலும், ஒரு கம்பெனி அப்பெயரில் இயங்க அதன் கட்டடக்கலைப் பணி பதிவுபெற்றவரின் கட்டுப்பாட்டிலும் நிர்வாகத்திலும் இருந்தாக வேண்டும். கதவை இறுகப் பூட்டிவிட்டுச் சுவரை இடிந்து கிடக்க விடும் வழக்கம் அங்கில்லை.

தேவைப்படும் திருத்தங்கள் நான்கு. கூட்டு நிறுவனம் என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை தந்து எல்.எல்.பி.யை அதில் சேர்த்தல். பெரும்பான்மைப் பங்கும் கட்டுப்பாடும் பதிவுபெற்றவரிடம் இருக்க, கட்டமைப்புப் பொறியாளரும் மரபுக்கட்டடப் பாதுகாப்பு வல்லுநரும் பங்காளிகளாக வழிசெய்தல். தனிநபரைப் போலவே நிறுவனத்தையும் மன்றத்தில் பதிந்து, அதன் தொழில் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குதல். ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பான கட்டடக்கலைஞரின் பெயரோடு அவரை அமர்த்திய நிறுவனத்தின் பெயரையும் அனுமதிக் கோப்பில் ஏற்றி, இருவரையும் பொறுப்பாக்குதல்.

இவற்றைக் கேட்கவேண்டிய முதல் இடம் வகுப்பறை. நடைமுறைப் பாடத்தை மனப்பாடப் பாடமாக நடத்தும் பேராசிரியர்கள் 37ஆம் பிரிவின் மூலவாசகத்தையும் 2020 தீர்ப்பையும் மாணவர் கையில் தந்து ஒரு பருவம் முழுக்க விவாதிக்க வைக்கட்டும். எதன்கீழ் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமலேயே ஒரு தலைமுறை கையொப்பமிடப் பழகிவிட்டது. அடுத்த தலைமுறையாவது வாசித்துவிட்டுக் கையொப்பமிடட்டும்.