சங்கீத உபாத்தியாயருக்கு உபாத்தியாயர் யார்?

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, 2025ம் வருஷம் மார்ச்சு மாதம் 8ந் தேதி லண்டன் மாநகரில் தமது ஸிம்பனியை அரங்கேற்றியபொழுது தமிழ்நாடு முழுவதும் களித்தது. களித்தது நியாயமே. ஆயினும் அக்களிப்பின் ஆரவாரத்தில் கேட்கப்படாது போன கேள்வி ஒன்றுண்டு. அவருக்குச் சங்கீதம் கற்பித்தவர் எவர்? வயற்காட்டுப் பாட்டைத் தாயாரிடம் கேட்டார். தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைதோறும் பாடிச் சென்றபொழுது உடன் சென்றார். 1958ல் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம் தொகுதியின் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர் நடுவே பாவலரின் பாட்டு செய்த வேலையைப் பழைய தொண்டர்கள் இன்றும் சொல்வார்கள். 1968ல் சென்னை சேர்ந்த பின்னர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு முறையையும், அதற்கும் பின்னர் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக முறையையும் பயின்றார். இந்த வரிசையில் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடம் ஒன்றின் சங்கீத வகுப்பு எங்கும் காணப்படவில்லை.

மேதைக்கு அது குறையாகவில்லை. மேதையல்லாத ஆயிரமாயிரம் குழந்தைகளின் கதி என்ன என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

நமது சர்க்கார் பள்ளிகளில் சங்கீதம் எந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை ஒரே ஒரு கணக்கால் விளக்கிவிடலாம். 2012ல் தமிழ்நாட்டு சர்க்கார் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், தேகப்பயிற்சி, தையல், கணினி, தோட்டவேலை இவற்றோடு ஒட்டிக்கொண்டு இசையும் வந்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் ரூ. 5,000 ஊதியம். அத்தொகை பின்னர் சிறுகச் சிறுக உயர்ந்ததுண்டு. எனினும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை வீதிகளில் அமர்ந்ததும், போலீஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டதும் நேயர்கள் அறிந்தவையே. அரை நாள் உபாத்தியாயரிடம் முழுநாள் லட்சியத்தை எதிர்பார்க்கலாகாது. இஃது ஒருபுறமிருக்க, சர்க்கார் நடத்தும் ஜில்லா இசைப்பள்ளிகளில் கற்பிக்கப்படுவன ஏழு பாடங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். பறை அவ்வேழினுள் இல்லை. அண்மை ஆண்டுகளிற்றான் நாட்டுப்புறக் கலைகளுக்கெனப் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகள் ஏற்பட்டன. பகுதிநேரம் என்ற சொல் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, பறையைப் பாடத்திற் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று கூறும் அன்பர்கள் பலர் உளர். அவர்களோடு நாம் பாதி தூரந்தான் போகக்கூடும். ஏனெனில் தேனிச் சீமையின் நிலைமை வேறு. முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் அப்பள்ளத்தாக்கில் எத்தனை ஜாதி, எத்தனை தாய்மொழி, எத்தனை மதம்! பிரமலைக் கள்ளரும், ஒக்கலிகரும், நாயக்கரும், பள்ளரும், பறையரும், சக்கிலியரும், கம்பம் உத்தமபாளையத்து முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். 1989ல் போடிநாயக்கனூரில் மூண்ட ஜாதிக் கலவரத்தின் வடு இன்னும் ஆறிற்றென்று சொல்ல எமக்குத் துணிவில்லை. அத்தகைய ஊரின் பள்ளிக்கூடத்தில் அறியாத உபாத்தியாயர் ஒருவர் பறையைக் கொண்டுவந்து வைத்து, “இதை அடிக்கத் தெரிந்தவர் யார்?” என்று கேட்டால் என்ன நேரும்? வகுப்பிலுள்ள முப்பது தலைகளும் ஒரே ஒரு பையனை நோக்கித் திரும்பும். அவன் தகப்பனார் நேற்றைக்கு எவர் வீட்டுச் சாவுக்குத் தப்படித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கலையை வளர்க்கக் கருதிய உபாத்தியாயர் அப்பையன் நெற்றியில் ஜாதியைப் பச்சை குத்தியவராவார்.

இக்காரணம் பற்றியே தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர்களுள் ஒரு சாரார், பறை அடிமைத்தனத்தின் சின்னம், அதை வீசி எறிவதே விடுதலை என்றனர். மற்றொரு சாரார், சின்னத்தைக் கைப்பற்றி அதன் பொருளையே மாற்றுவோம் என்றனர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. சட்டமும் இதிற் சம்பந்தப்பட்டதே. அரசியல் நிர்ணயச் சட்டத்தின் 17வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 1955ம் வருஷத்திய சட்டத்தில் 1976ல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தோட்டி வேலைக்கோ, செத்த பிராணியை அப்புறப்படுத்தவோ, அவை போன்ற வேறு வேலைக்கோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கிற்று. இழவு வீட்டில் தப்படிக்க வரவேண்டும் என்று ஊர்க்கட்டு விதிப்பது அந்த ‘வேறு வேலை’யில் அடங்கும் என்பது நமது அபிப்பிராயம். ஆகவே ஒரே வாத்தியம், கட்டாயத்தின்பேரில் அடிக்கப்படும்போது குற்றத்தின் கருவியாகவும், விருப்பத்தின்பேரில் பயிலப்படும்போது கலையின் கருவியாகவும் ஆகின்றது. இந்த வேற்றுமையைக் குழந்தைகளுக்கு உணர்த்த வல்லவர் உபாத்தியாயர் ஒருவரே. அவருக்கு அதை உணர்த்துவோர் யார்?

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தேனிக்கு அடுத்த திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்றொரு ஸ்தாபனம் இருக்கிறது. சந்திரா, பெல்சி என்னும் இரு கன்னியாஸ்திரீகள் அதை ஏற்படுத்தி நடத்தி வந்திருக்கின்றனர். படிப்பை இடையில் விட்ட தலித் பெண்களைச் சேர்த்து, ஒன்றாக வாழச் செய்து, பறையும் ஒயிலும் கரகமும் பயிற்றுகின்றார்கள். பெண் பறையைத் தொடலாகாதென்று இருந்த விலக்கை அப்பெண்கள் தெருவில் அடித்தே உடைத்தார்கள். அங்கே அடியைச் சொல்லிக்கொடுப்பதோடு வகுப்பு முடிவதில்லை. ஜாதியென்பது என்ன, பெண்ணின் கூலி ஏன் குறைந்தது, அழைத்தவர் வீட்டில் எந்த மரியாதையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பனவும் பாடங்களே. பயின்றவர் பிறருக்குப் பயிற்றுவர். அமெரிக்க சங்கீத ஆராய்ச்சியாளர் ஜோயி ஷெரீனியன் கடல் கடந்து வந்து இவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற படமெடுத்தார். நாமோ திண்டுக்கல்லைப் பூட்டுக்கும் புகையிலைக்குமே அறிவோம்!

மதுரையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்று மாணவர் அழைத்தவர், 2005ல் காலமானார். கிராமங்களுக்குப் பாதிரிமாராகச் செல்லவிருந்த இளைஞர்களுக்கு அவர் சங்கீதம் கற்பித்தார். இங்கிலீஷ் ஞானப்பாட்டும், கர்நாடக மெட்டில் அமைந்த கீர்த்தனையும் சேரி மக்களுக்கு அந்நியம் என்பது அவர் கட்சி. கிராமத்துப் பேச்சிலும் கிராமத்து மெட்டிலும் பாட்டமைத்தார். அவர் முறையில் ஒரு நுட்பம் உண்டு: பாட்டைக் கேட்ட ஜனங்கள் தங்களுக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டார். தாம் எழுதியதைத் திருத்துவோரைப் பொறுக்காத புலவர் நிறைந்த நாட்டில் இது சாமானியமான காரியமன்று. அவரிடம் பயின்றவர் வெறும் பாட்டுக்காரராக வெளியேறவில்லை. எவர் பாட்டு, எவர் மொழி என்று கேட்கத் தெரிந்தவராக வெளியேறினர்.

இவ்விரு இடங்களும் காட்டுவது, பயிற்றுவிப்போருக்குப் பயிற்சி அளிப்பவர் முதலில் வேண்டும் என்பதே. தென் அமெரிக்காவிலுள்ள வெனிசூலா நாட்டில் ஜோசே அந்தோனியோ ஆப்ரேயு 1975ல் தொடங்கிய ‘எல் சிஸ்டெமா’ என்ற இயக்கம் ஏழைக் குழந்தைகளை ஆர்க்கெஸ்டிராவில் உட்கார வைத்து உலகப் புகழ் பெற்றது. ஆனால் 2014ல் ஜெப்ரி பேக்கர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் எழுதிய நூல், குழந்தை உள்ளே வந்தது உண்மையே, உள்ளே நடந்ததோ பழைய அதிகாரமே என்று குற்றம் சாட்டிற்று. அவர் கூற்றை மறுத்தவரும் உளர். வாத்தியத்தைக் கொடுப்பது எளிது, கொடுக்கும் கையின் பழக்கத்தை மாற்றுவது அரிது என்ற அளவில் அவ்விவாதம் நமக்கும் பயன்படும். சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் 2023ல் மாணவியர் தங்கள் ஆசிரியர் சிலர்மீது புகார் கூறி மறியல் செய்தது உயர்ந்த ஸ்தாபனங்களிலும் இக்கேள்வி எழும் என்பதற்குச் சாட்சி.

“சங்கீதத்தில் ஜாதியைப் புகுத்தாதீர்” என்று சில வித்வான்கள் நமக்கு உபதேசிப்பர். புகுத்தியது நாமல்ல. மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலால் அதை மூட்டுகிறவர்களுள் பெரும்பாலார் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்துவின் கை இருந்தது. அக்குடும்பங்களின் சரித்திரத்தை டி.எம். கிருஷ்ணா 2020ல் நூலாக எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் மண்டபம் கொடுக்க இசைந்த கலாக்ஷேத்திரம் பிறகு மறுத்துவிட்டது. மிருதங்கம் பயிலும் பிள்ளைக்குச் சொற்கட்டு தெரிகிறது. வாத்தியம் மூட்டியவர் பெயர் தெரிவதில்லை. பறையடிப்பவனோ தானே வேப்பங்கட்டை வளையத்தில் தோலை ஒட்டி, நெருப்பில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் சீவிக்கொள்கிறான். இரண்டும் தோல் வாத்தியமே. ஒன்று சபையிலும் மற்றொன்று சுடுகாட்டிலும் நிற்கும்படி விதித்தது சங்கீத சாஸ்திரம் அன்று.

தரம் குறைந்துவிடும் என்ற அச்சமும் பழையதே. 1941ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடியபோதும், 1943ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டபோதும் இதையே சொன்னார்கள். தமிழிற் பாடியதால் சங்கீதம் அழிந்துவிடவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். தமிழிசைத் தலைவர்கள் எந்த மொழியில் பாடுவது என்று கேட்டார்கள். எவர் பாடுவது, எவர் அடிப்பது என்று அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை. 1939 ஜூலை 8ந் தேதி மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்ற வைத்தியநாதையரின் துணிவு சங்கீத மேடைக்கு வந்து சேர வெகுகாலமாயிற்று. மதுரைச் சீமைப் பறையிசை ஆசான் வேலு 2025ல் பத்மஸ்ரீ பெற்றார். மகிழ்ச்சி; ஆனால் பத்மஸ்ரீ பெற்ற ஆசானும் ஜில்லா இசைப்பள்ளியின் அந்த ஏழு பாடங்களுள் எதற்கும் ஆசிரியராக முடியாது.

நாங்குனேரியில் 2023 ஆகஸ்டில் மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் கமிட்டி, 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஜாதிக் கயிறு, பள்ளிப் பெயர்களில் ஜாதி இவற்றைப் பற்றிய சிபார்சுகளே பெருங்கூச்சலை எழுப்பின. தேனி ஜில்லாவில் அது இன்னும் நுட்பமானது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அங்குள்ளன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையை 1947 வரை அனுபவித்த சமூகம் தன் பள்ளிகளைத் தன் உரிமையாகக் கருதுவதில் வியப்பில்லை. ஆகவே பயிற்சி என்பது ஒரு ஜாதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பிரசங்கமாயிருத்தல் கூடாது. அவ்வாறு நடத்தினால் மறுநாளே மறியல் வரும். கூச்சலில் மறைந்துபோன சிபார்சு வேறொன்று: ஆசிரியர் அனைவருக்கும் ஜாதி பேதம், பெண்களுக்கெதிரான வன்முறை முதலியன பற்றி ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி. அதை இசை ஆசிரியர்களிடமிருந்து தொடங்கலாகாதா என்பதே நமது யோசனை. மற்றப் பாடங்களில் பையன்கள் தனித்தனியே எழுதுகிறார்கள். தாளத்தில் ஒருவன் தப்பினால் எல்லோருக்கும் தப்புகிறது.

செய்ய வேண்டுவது பெரிதன்று. கோடை விடுமுறையில் பத்து நாட்கள் போதும். ஜில்லாவிலுள்ள இசை, பகுதிநேரக் கலை உபாத்தியாயர்களை ஓரிடத்திற் கூட்ட வேண்டும். கற்பிப்போர் பறை ஆசான்களும், நாதசுர வித்வான்களும், சக்தி குழுவிற் பயின்ற பெண்களும், உத்தமபாளையத்துப் பக்கீர் பாட்டு அறிந்தோருமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கல்லூரி விரிவுரையாளருக்குரிய படியே அளிக்கப்படல் வேண்டும், பொன்னாடையோடு அனுப்பிவிடலாகாது. மத்திய சர்க்காரின் 2020ம் வருஷக் கல்விக் கொள்கையும் உள்ளூர்க் கலைஞரை ஆசானாக அமர்த்தலாம் என்கிறது. அக்கொள்கையை ஏற்காத நமது மாகாணமும் இந்த அம்சத்தில் சண்டையிட நியாயமில்லை. வகுப்பில் எந்தக் குழந்தைக்கு எந்த வாத்தியம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண் தெரியாத குழந்தைக்குத் தாளக்கட்டு கையைத் தொட்டுக் கற்பிக்கும் முறையையும் உபாத்தியாயர் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை மாத்திரம் விட்டுக்கொடுக்க முடியாதது. அப்பத்து நாட்களில் முதல் மூன்று நாட்கள் ஜில்லாக் கல்வி அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் பாய்மீது உட்கார்ந்து, பறை ஆசானிடம் முதலடி பயில வேண்டும். ரூ. 5,000 சம்பளத்திற் சேர்ந்த பகுதிநேர உபாத்தியாயர் சீட்டுப் போட்டு ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுப் பிள்ளையின் கையிற் பறையைக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாட் காலையில் அவர் பக்கம் நிற்கவேண்டியவர்கள் அவர்களேயன்றோ?