"படிக்காட்டி கராஜில விட்டிடுவேன்" என்று சொல்கிற வாப்பாமாருக்கு



போன சனிக்கிழமை யாரோ ஒருவர் என் போட்டோ ஒன்றை எடுத்து ஊர் வட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். வீட்டு முற்றத்தில் மாமாவின் பழைய காருக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன். சாரமெல்லாம் கிறீஸ். பக்கத்தில் இருந்து ஒரு கை ஸ்பனரை நீட்டுகிறது. "சேர் ரியூஷனை விட்டுட்டு கராஜ் தொடங்கிட்டார் போல" என்று கீழே எழுதியிருந்தது. நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். சிரிக்கட்டும். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகள் எனக்கு வைக்கிற பட்டப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வாழ்கிறவன் நான்.

ஆனால் அந்தக் கை யாருடையது என்று, போட்டோவில் முகம் தெரியாமலே, சட்டையின் கையை வைத்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய மகன். அடுத்த நாள் பையன் வரவில்லை. திங்கட்கிழமை காலை அவர் பாடசாலை கேற்றடியில் நின்றார்.

"சேர், ஒங்கள நான் மதிக்கிறேன். ஆனா என்ட மகன கராஜ்காரனாக்கவா நான் வெயில்ல நிண்டு உழைக்கிறேன்?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பெல் அடித்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

காரைப் பற்றி முதலில். அது எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962இல் இருந்து 1980 வரை செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது நாட்டை விட்டுப் போன ஒரு துரையிடம் மர்ஹூம் மாமா வாங்கினது. மாமா மௌத்தான பிறகு அது என் முற்றத்துக்கு வந்தது. பணக்காரன் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரைக்கும் நாட்டுக்குள் புதுக் கார் வராமல் இருந்த காலத்தில், ஊரில் எல்லாரும் ஓட்டினது பழையதைத்தான். யார் திருத்தித் தந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்தக் காருக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஸ்டியரிங்கை விட்டால் இடது பக்கம் இழுக்கும். டவுணில் ஒரு கராஜில் காட்டினேன். எலைன்மென்ட் செய்தார்கள், இழுத்தது. முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், இழுத்தது. மறுபடி எலைன்மென்ட். கடைசியில் ஸ்டியரிங் ரெக் போய்விட்டது, வெளிநாட்டில் இருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பையன் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். இங்கிலீஷில் தவணைக்குத் தவணை சிவப்புக் கோடு. ஒரு நாள் நோட்ஸ் கொடுக்க வந்தவன் காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "சேர், வலது பக்கப் பின் சில்லு மட்கார்ட்டுக்கு நடுவுல இல்ல" என்றான். உம்மாவின் தையல் டேப்பை எடுத்து முன் சில்லின் நடுவில் இருந்து பின் சில்லின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்தோம். வலது பக்கம் முக்கால் அங்குலம் கூட. அதாவது பின் அக்சில் சாய்ந்து நிற்கிறது. பின் சில்லுகள் வலது பக்கம் போகப் பார்க்கின்றன, அதனால் காரின் மூக்கு இடது பக்கம் திரும்புகிறது. முன்னால் எத்தனை தடவை எலைன்மென்ட் செய்தாலும் இது போகாது, வருத்தம் பின்னால்.

கழற்றிப் பார்த்தால், வலது லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் வெட்டுப்பட்டிருந்தது. இந்தக் காரில் பின் அக்சிலைப் பிடித்து வைத்திருப்பதே இரண்டு லீஃப் ஸ்பிரிங்தான். நடு போல்ட்டின் தலை அக்சிலை அதன் இடத்தில் இருத்துகிறது, யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. யூ போல்ட் தளர்ந்தால் பாரம் முழுவதும் அந்தச் சின்னப் போல்ட்டில் விழுந்து அது வெட்டுப்படும். எப்போதோ யாரோ ஸ்பிரிங் வேலை செய்துவிட்டு, கொஞ்சத் தூரம் ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கவில்லை. அந்தக் காரில்தான் என் உம்மாவை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் வந்திருக்கிறேன்.

இப்போது அந்த வாப்பாவுக்கு என் பதில்.

நாங்கள் எல்லாரும் இந்த வசனத்தைச் சொல்கிறோம். "படிக்காட்டி கராஜில விட்டிடுவேன்." வாப்பாமார் சொல்கிறார்கள், உம்மாமார் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. சொன்ன ஒரு பிள்ளையின் வாப்பா வெல்டிங் செய்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை அன்று தலையை நிமிர்த்தவே இல்லை.

இந்த வசனத்தை இருபது முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி என்ன செய்திருக்கிறோம்? வாசிக்கக்கூடிய பிள்ளை கராஜ் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். போன பிள்ளையை, நீ வாசிக்கத் தெரியாதவன் என்று சொல்லி அனுப்பினோம். அங்கே அவனுக்குப் புத்தகம் காட்டுகிறவர் யாரும் இல்லை, பாஸுக்கும் யாரும் காட்டவில்லை. பிறகு பிரேக்கை, ஸ்டியரிங்கை, பின் அக்சிலைக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறோம். டொக்டரிடம் ஊசி போடப் போனால் எங்கே படித்தவர் என்று விசாரிக்கிறோம். பிரேக் போடுகிறவனிடம் விலை குறைக்கலாமா என்று மட்டும் கேட்கிறோம்.

இந்த வேலைக்கு வாசிப்புத் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். பின் பக்கத்தை ஜக் அடித்து உயர்த்தினால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் ஒன்றுக்கும் உதவாது. இரண்டும் பிடிப்பது பின் சில்லைத்தான், அது அந்தரத்தில். முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காவிட்டால் கார் உருண்டுவிடும். பாரம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜக்கில் விட்டு, செங்கல் அடுக்கி, தென்னங்குற்றி வைத்து உள்ளே போகிறவர்களை எங்கள் ஊரிலேயே பார்க்கிறோம். செங்கல் வெடித்தால் சத்தம் கேட்டு நகர நேரம் இருக்காது.

கிழடான ஸ்பிரிங்கைக் கேஸ் அடித்துச் சிவக்க வைத்து வளைத்துத் தருகிறோம் என்றும் ஒருவர் சொன்னார். ஸ்பிரிங் இரும்பின் பலமே அதைப் பதப்படுத்தின சூட்டில் இருக்கிறது. சிவக்க வைத்துத் தானாக ஆறவிட்டால் மெதுவாகிவிடும், தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கண்ணுக்கு இரண்டும் புது ஸ்பிரிங் மாதிரித்தான் இருக்கும். லொறி ஸ்பிரிங் செய்கிற பட்டறை ஒன்றில் சூடு காட்டாமல் அழுத்தி வளைத்து எடுத்தோம், இரண்டு பக்கமும் சேர்த்து.

பழைய காலத்து ஷொக் எப்சோபரைக் கழற்றி மேசையில் பிடித்து, அதன் கையை அந்தலையில் இருந்து மறு அந்தலை வரை அசைத்துப் பார்த்தான் பையன். வழி முழுக்க ஒரே மாதிரிப் பாரமாக வர வேண்டும். ஒன்று பாதி வழி வெறுமையாகப் போனது. அதை வீட்டில் செய்ய முடியாது, லேத் வேலை. அனுப்பிவிட்டோம். எது நம்மால் முடியாது என்று தெரிவதும் இந்த வேலைதான்.

எனக்கு மறக்க முடியாதது இது. ஸ்பிரிங்கை ஏற்றி, முன் கண்ணில் புது ரப்பர் புஷ் அடித்து, போல்ட்டைப் போட்டு நான் முழுப் பலத்தோடு இறுக்கப் போனேன். "வேணாம் சேர்" என்றான். மடியில் வேர்க்ஷொப் மெனுவல், போனில் அகராதி. ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வாசித்தான். கார் தன் சில்லில் நிலத்தில் நின்ற பிறகுதான் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன், டீச்சர் புத்தி விடாதே. கொஞ்ச நேரம் யோசித்தான். "ரப்பர் உள் குழாயோடையும் வெளிக் குழாயோடையும் ஒட்டியிருக்கு. தொங்குறப்ப இறுக்கினா, கார இறக்கினதும் ரப்பர் முறுகின மாதிரியே நிக்கும். கிழிஞ்சிரும்."

பத்தாம் ஆண்டில் விசையின் திரும்பல் விளைவை நான்தான் அவனுக்குப் படிப்பித்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வியை அவன் தொடவே இல்லை.

வாப்பாவின் பயம் பொய் என்று சொல்ல வரவில்லை. கராஜில் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கிற பாஸ்மார் இருக்கிறார்கள். மூன்று வருஷம் வேலை வாங்கிவிட்டு டீக் காசு மட்டும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈ.பி.எஃப். என்ற பேச்சே கிடையாது. கல்யாணம் பேசப் போனால் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்துகிறவர்கள் யார்? நாங்கள்தானே. அடிக்கிற பாஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரை விட்டுவிட்டு வருகிறவர்களும் நாங்கள்தான்.

வழி இல்லாமலும் இல்லை. ஏ.எல்.லில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பொறியியல் தொழினுட்பம் எடுத்துப் பல்கலைக்கழகம் வரைக்கும் போகலாம். எங்கள் ஊரில் அதற்கு வைத்திருக்கிற பெயர், "மெத்ஸ் கிடைக்காதவன் போற இடம்". மொறட்டுவையில் ஜேர்மன் டெக் இருக்கிறது. என்.வி.கியூ. நான்காம் மட்டம் முடித்த மெக்கானிக் ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்கும், ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்கும் ஏறலாம். ஊரில் ஏ.எல். ரிசல்ட் வந்ததும் பெனர் அடிக்கிறோம், டொக்டர், எஞ்சினியர். என்.வி.கியூ. எடுத்த ஒரு பிள்ளையின் முகம் இதுவரைக்கும் ஒரு பெனரிலாவது வந்திருக்கிறதா? படித்துக் கிழித்தவனுக்கு மட்டும்தான் நம்மிடம் ஃபிளெக்ஸ் இருக்கிறது.

கத்தாருக்கு லேபரராக அனுப்புவதை மட்டும் வெட்கமில்லாமல் சொல்கிறோம். அங்கே போய் அவன் என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை, காசு வந்தால் சரி.

அந்த வாப்பாவிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மகன் மெத்ஸ் எடுக்கட்டும், கொமர்ஸ் எடுக்கட்டும், அது உங்கள் வீட்டு முடிவு. ரிசல்ட் வரும் வரைக்கும் சனிக்கிழமைகளில் அவனை அனுப்புங்கள். இடது பக்க ஸ்பிரிங் இன்னும் ஏறவில்லை. இரண்டு பக்கத்து ரிபவுண்ட் ஸ்ட்ராப்பும் மாற்ற வேண்டும். பிறகு காரை இறக்கி, அந்த முன் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அதை அவன் கையால் இறுக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம், பிளேன் டீ இருக்கும். போட்டோ எடுத்தவரும் வரலாம், அவருக்கு ஒரு சாரம் எடுத்து வைக்கிறேன்.