புறாத்தீவின் உயிர்க் கற்கள்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளிக் கரையில் நின்று கடலை நோக்கினால், ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவில் கற்குன்றொன்று நீரினின்று எழுந்து நிற்கக் காணலாம். அதுவே புறாத்தீவு. பாறையிடுக்குகளிற் கூடு கட்டும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில் அது துப்பாக்கி சுட்டுப் பழகும் களமாயிருந்தது. 1963இல் சரணாலயமாயிற்று, 2003இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. வெடியோசை ஓய்ந்தது. ஆயினும், இன்று அதன் அழகைக் காணச் செல்வோரின் காலடியே அதற்குக் கேடாகின்றது.

எவ்வாறென்று கேட்பீர்கள். தீவின் செல்வம் தரையிலன்று, தண்ணீரிலேயே உள்ளது. சுற்றிலுமுள்ள ஆழமற்ற கடலில் ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் அறியப்பட்டுள்ளன. கடலாமைகளும், செட்டை நுனி கறுத்த சுறாக்களும் அங்கே உலவுகின்றன. சிறு மீன்களுக்கு முருகைக் கிளைகளே வீடும் அரணுமாம்.

முருகைக்கல்லைக் கல்லென்று எண்ணுதல் தவறு. மிகச் சிறிய பிராணிகள் கூட்டாக வாழ்ந்து, தம் உடலினின்று சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பும் மாளிகை அது. திரண்டு வளரும் வகைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே உயரும். ஒரு முழ உயரம் வளர அரை நூற்றாண்டு செல்லும். அதனைச் சிதைக்க ஒரு மிதி போதும்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களிற் குடும்பத்தோடு சென்று வாருங்கள். நீந்தும்போது முருகைமேற் கால் ஊன்றாதீர்கள். உடைந்த துண்டொன்றையேனும் வீட்டுக்குக் கொணராதீர்கள். அலமாரியில் வெண்ணிறமாய் மிளிர்வது அணிகலனன்று. உயிர் நீங்கிய எலும்பே.