எடின்பரோ நாட்கள் - 9: நாலடி தூரத்து நடுக்கம்

கோல்ஃப் ஆட ஆரம்பிச்சிருக்கேன்னு போன வாரம் எழுதினாலும் எழுதினேன், பின்னூட்டத்துல ஒருத்தர் நக்கலா கேட்டுட்டார். "ஆடாம அசையாம கிடக்கற பந்தை அடிக்க எதுக்குய்யா மனதைரியம்? நம்ம பசங்க 140 கிலோமீட்டர் வேகத்துல வர்றதையே அடிக்கிறாங்க."

நியாயமான கேள்வி. ஆனா பதிலும் அதுக்குள்ளயே இருக்கு சாமி. பந்து கிடக்குது பாருங்க, அதான் பிரச்சனையே.

கிரிக்கெட்ல பந்து வந்துடும். யோசிக்க அரை செகண்டு கிடைச்சா பெருசு, கை தானா போகும். கோல்ஃப்ல 18 குழி ஆடி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். மட்டையை ஒரு தடவை சுழற்ற ரெண்டு செகண்டு கூட வேண்டாம். நூறு தடவை சுழற்றினாலும் மொத்தமே மூணு நிமிஷ வேலைதான். மிச்ச நேரம் பூரா நடக்கறது, நிக்கறது, "இது போகலைன்னா?"ன்னு நினைக்கறது. மனசுக்கு இவ்வளவு ஓய்வு கொடுத்தா அது சும்மா இருக்குமா?

இங்க எங்க யூனிவர்சிட்டி பக்கத்துலயே ப்ரன்ட்ஸ்ஃபீல்டு லிங்க்ஸ்னு ஒரு புல்வெளி இருக்கு. கட்டணம் கிடையாது, மட்டையும் பந்தும் இருந்தா யார் வேணா ஆடலாம். எல்லாம் சின்ன சின்ன தூரம்தான். (கோல்ஃப்னா கோடீஸ்வரன் ஆட்டம்னு நினைச்சுட்டு வந்தவன் நான். ஸ்காட்லாந்துல அப்படி இல்லை.) ஒரே சிக்கல், அது ஊர்ப் பூங்கா. வெயில் எட்டிப் பாத்தா போதும், பாதி ஊர் அங்கதான் உக்காந்திருக்கும்.

என் ரூம்மேட் திருச்சிக்காரன். தனியா ஆடினா நாலடி தூரத்துலேர்ந்து பத்துக்கு ஆறு தடவை பந்தைக் குழிக்குள்ள தள்ளிடுவான். பின்னாடி ஒரு உள்ளூர் தாத்தா வந்து தன் முறைக்குக் காத்து நின்னா முடிஞ்சது கதை. தோள் இறுகி, மூச்சு நின்னு, பந்து குழியைத் தாண்டி எங்கயோ போகும். அந்தத் தாத்தா பாவம், மேகத்தைப் பாத்துட்டு நிப்பார். போன மாசம் மட்டையைக் கீழ வெச்சுட்டு, "நமக்கெல்லாம் எதுக்கு மச்சி இது"ன்னான்.

அந்த 'நமக்கெல்லாம்'தான் என்னை உறுத்துச்சு. ஏன்னா செமினார்லயும் இவன் இப்படித்தான். பதில் தெரியும், கை தூக்க மாட்டான். சபைக்கூச்சம்னு நம்ம ஊர்ல சாதாரணமா சொல்லிட்டுப் போயிடறோம். ஒரு வருஷப் படிப்புல அது எவ்வளவு விலை வெக்கும்னு இங்க வந்தாதான் தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். "நெஞ்சை நிமித்து, போகும்னு நம்பு"ங்கற டைப் அறிவுரை எனக்கு எப்பவுமே ஒத்துவராது. போகும்னு நம்பி அடிச்சு, அது போகலைன்னா நம்பிக்கையும் சேந்து போயிடுதே? அதைவிட கணக்கு உதவுது. கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களோட அடிகளை அலசி 2014-ல ஒரு புத்தகம் போட்டார். எட்டடி தூரத்துலேர்ந்து அந்த ஜாம்பவான்களே பாதிக்குப் பாதிதான் போடறாங்க. அஞ்சடியில நாலுக்கு ஒண்ணு கிட்டத்தட்ட வெளிய போகுது. நாலடியிலகூட நூத்துக்குப் பன்னெண்டு தவறுது. திருச்சிக்காரன் இதைப் படிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம், "அப்ப நான் ஆறு போடறது அவ்வளவு மோசம் இல்லையே?"ன்னான். ஆமாண்டா!

அடுத்தது சியன் பைலாக்னு ஒரு உளவியல்காரங்க. நல்லா தேர்ந்தவங்க தன் கை அசைவை ஒவ்வொண்ணா கவனிச்சா ஆட்டம் கெடும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அந்தக் கவனம் வேணும்னு அவங்க குழு சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. அதனால "யோசிக்காம அடி"ங்கறது எல்லாருக்கும் பொருந்தற மருந்து இல்லை. எங்களை மாதிரி கத்துக்குட்டிங்க கையைப் பத்தி யோசிக்கலாம், தாத்தாவைப் பத்தி யோசிக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜாம்பவான்களுக்கே என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா ரோரி மக்கில்ராய் கதையைப் பாருங்க. 2011 மாஸ்டர்ஸ்ல கடைசி நாள் நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோட இறங்கினவர், பத்தாவது குழியில பந்தை வீடுகளுக்கு நடுவுல அடிச்சு, அன்னிக்கு 80-ல முடிச்சார். ரெண்டே மாசத்துல யுஎஸ் ஓப்பனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சார். 2014-க்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல பெரிய பட்டம் எதுவும் இல்லை. 2024 யுஎஸ் ஓப்பன்ல கடைசி மூணு குழிக்குள்ள ரெண்டு சின்ன தூரத்தை விட்டு, ஒரே ஸ்ட்ரோக்ல தோத்தார். நம்மாளா இருந்தா மட்டையை எடைக்குப் போட்டிருப்பான்.

2025 ஏப்ரல்ல திரும்ப மாஸ்டர்ஸ். கடைசிக் குழியில அஞ்சடியிலேர்ந்து தள்ளினா பட்டம். தவறிடுச்சு! ஜஸ்டின் ரோஸோட ப்ளே-ஆஃப். அந்த இடைவெளியில, மட்டைப்பையைத் தூக்கற ஹாரி டயமண்ட், சின்ன வயசு சிநேகிதர், ஒண்ணே ஒண்ணு சொன்னாராம்: திங்கக்கிழமை காலையில யாராவது இந்த நிலைமையைக் கொடுத்திருந்தா சந்தோஷமா வாங்கியிருப்போமே. அவ்வளவுதான். நுணுக்கம் இல்லை, "உன்னால முடியும்" வசனம் இல்லை. அதே குழிக்குத் திரும்பப் போய் பந்தைப் பக்கத்துல விட்டு, உள்ள தள்ளி ஜெயிச்சார். நாலு மேஜரையும் ஜெயிச்ச ஆறாவது ஆள் ஆனார். எனக்கு இதுல பட்டத்தைவிட அந்த டயமண்டோட வார்த்தைதான் பிடிச்சது. தவறினதை மறக்கச் சொல்லலை. இப்ப நிக்கற இடம் மோசம் இல்லைன்னு மட்டும் காட்டினார்.

இப்ப நாங்க பண்றது சொல்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை: குழியைப் பாத்து ரெண்டு தடவை சும்மா ஆட்டு, மூச்சு விடு, பந்துல ஒரு புள்ளியை ரெண்டு மூணு செகண்டு பாரு, தள்ளு, பந்து போனப்புறமும் ஒரு நொடி அங்கயே பாரு. அந்தக் கண் சமாச்சாரம் கால்கரி யூனிவர்சிட்டி ஜோன் விக்கர்ஸ் கண்டுபிடிச்சது. நல்லா ஆடறவங்களோட பார்வை கடைசி நொடியில அலையறதில்லை, ஒரே இடத்துல நிக்குது. கண்ணுக்கு வேலை கொடுத்துட்டா தாத்தா தன்னால மறைஞ்சுடறார். இதோட, பயிற்சியில நான் வேணும்னே அவன் பின்னாடி நின்னு இருமுவேன். (திட்டு வாங்கறேன், அது தனிக்கதை :-))

போன சனிக்கிழமை அதே தாத்தா வந்து நின்னார். இவன் மூணு தடவை தள்ளினான். ஒண்ணு உள்ள, ரெண்டு வெளிய. மட்டையைக் கீழ வெக்கலை. அடுத்த குழிக்கு நடந்தான். வியாழக்கிழமை அவனுக்கு செமினார் பிரசன்டேஷன். கடைசி வரிசையில உக்காந்து இருமறதா வாக்கு கொடுத்திருக்கேன்.