முற்றத்துக்குத் தார் ஊத்துகிறவர்களோடு ஒரு சண்டை

யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு கட்டி முடிஞ்சுது எண்டு சொல்லுறதுக்கான அளவுகோல் மாறிவிட்டது. முன்னர் மதில் எழும்பி, கேற் பூட்டினால் போதும். இப்போது கேற்றிலிருந்து வாசற்படி வரைக்கும் மண் கண்ணில் படக்கூடாது. வசதிக்கேற்பக் கொங்கிறீற் போடுவார்கள், இன்ரர்லொக் கல் பதிப்பார்கள். இன்னும் கொஞ்சம் வசதியும், வீதி வேலை எடுக்கிற ஒப்பந்தகாரரின் அறிமுகமும் இருந்தால் தார். “றோட்டுக்குப் போட்ட மாதிரியே காப்பற் போட்டிருக்கினம்” என்று ஊர் சொல்ல வேண்டும். இந்த ஆசையோடுதான் எங்களுக்குச் சண்டை. யாழ்ப்பாண வளவுக்குள் தார் ஊத்துவது பிழையான தெரிவு என்று நாங்கள் நினைக்கிறோம். அது வீட்டுக்காரரின் சொந்த விருப்பம் மட்டும்தான் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதலில் தாரைப் பார்ப்போம். இங்கிலாந்தில் எட்கார் ஹூலி என்பவர் 1902 இல் ‘ராமக்’ என்பதற்குக் காப்புரிமை எடுத்தார். வாகனம் ஓடும்போது கல் வீதிகளில் எழும்பிய புழுதியை அடக்கத் தாரும் கசடும் கலந்த அந்தக் கலவை உதவியது. இன்று நாங்கள் தார் என்று சொல்வது பெரும்பாலும் மசகெண்ணெயைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் பிற்றுமின். ஓடிக்கொண்டே இருக்கும் வாகனங்களுக்கு அது நல்ல தளம். வீட்டு முற்றத்தில் கார் ஓடுவதில்லை, நிற்கிறது. ஒரே இடத்தில், ஒரே நாலு சில்லில், நாள் முழுக்க. வெயிலில் இளகிய தாரில் அந்த இடம் பள்ளமாகும். நின்ற நிலையில் ஸ்ரியறிங்கை வெட்டினால் மேல்தோல் உரியும். பெற்றோலோ டீசலோ சொட்டினால் தார் கரையும்.

தார்க்கலவையைச் சூடு ஆறுவதற்குள் றோலரால் இறுக்கவும் வேண்டும். நாலு பேர்ச் இடத்துக்கு ஆர் ஒழுங்கான றோலர் கொண்டு வருவினம்? கையால் பரவி, மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு மாரி போக ஓரம் உடையும், வெடிப்புக்குள்ளால் கோரைப்புல் எழும்பும். மத்தியான வெயிலில் அந்தக் கறுப்புத்தளத்தில் வெறுங்காலோடு நடக்கவும் ஏலாது.

ஆனால் தார் உடைகிறது என்பது எங்களுடைய முதன்மையான குற்றச்சாட்டு அல்ல. உடையாமல் இருந்தால் இன்னும் மோசம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு கூட மாரிக்குத்தான் ஓடும். எங்களிடம் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கியிருக்கும் மழைநீர். அது கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. அந்த 1 மீற்றரில் கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கோ. இதை நிரப்பக்கூடியது மழை ஒன்றுதான். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

சின்னக் கணக்கொன்று. 4 பேர்ச் என்பது ஏறத்தாழ 100 சதுர மீற்றர். குடாநாட்டின் வருட மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். அப்படியென்றால் அந்தத் தாரில் வருடத்துக்கு 1,25,000 லீற்றர் விழுகிறது. மண்ணாக இருந்தபோது அதில் மூன்றிலொரு பங்குதான் கீழே இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும் 40,000 லீற்றருக்கு மேல் வரும். 1,000 லீற்றர் தாங்கி 40. ஒரு வீட்டுக்கு இவ்வளவு. உங்கட ஒழுங்கையில் எத்தனை வீடு?

அந்தத் தண்ணீர் மாயமாக மறைவதில்லை. கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்கு வருகிறது. ஒழுங்கையும் தார். அங்கிருந்து பள்ளக்காணிக்குப் போகிறது. பள்ளக்காணியில் ஆர் இருக்கினம் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதும் 2024 நவம்பர் மழையிலும் ஆர் வீட்டை விட்டு எழும்பிப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள் என்று பார்த்தோம். வளவை உயர்த்தித் தார் போட்டவர் வெள்ளத்தைப் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டு, “வாய்க்கால் வெட்டேல்லை” என்று பிரதேச சபையைத் திட்டுகிறார்.

இதை அரசியலாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீர் கேட்டபோது, தங்கள் வயலுக்கே காணாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பெருமளவு மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறோம். அதே நேரம் ஒரு சதமும் வாங்காமல் வானம் தருகிற நன்னீரைத் தாரில் வழுக்கிக் கடலுக்கு விடுகிறோம். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் பவுசருக்காகக் காத்து நின்றது. கிணறு போனால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஊர் இது.

இன்னொரு விசயம். முற்றத்துக்குக் காசு அனுப்புகிற லண்டன் சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கோ. இங்கிலாந்தில் 2008 ஒக்ரோபரிலிருந்து, வீட்டு முன்வளவில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போடுவதென்றால் திட்டமிடல் அனுமதி எடுக்க வேண்டும். தண்ணீரைத் தன் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்கவிட்டால் அனுமதி தேவையில்லை. 2007 வெள்ளத்துக்குப் பிறகு வந்த விதி அது. ஆறும் அணையும் உள்ள நாட்டில் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டியதை, கிணற்றை மட்டும் நம்பியிருக்கிற ஊரில் கேள்வி இல்லாமல் செய்கிறோம்.

எங்களுக்கு எதிரான வலுவான கேள்வி வேறு. “மண் முற்றத்தை விடிய விடிய ஆர் கூட்டுறது?” அம்மாக்கள் கேட்கிற இந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. மண் முற்றத்தின் அழகைப் பற்றிக் கவிதை எழுதுகிற பெரும்பாலான ஆண்கள் விளக்குமாறு பிடித்ததில்லை. மாரியில் சேறு, சறுக்கி விழுகிற வயதானவர்கள், சக்கர நாற்காலி தள்ள வேண்டிய வீடுகள் எல்லாம் உண்மை. மண்ணை அப்படியே விடுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் நாரிநோவுக்கு மருந்து தாரில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களும் விளக்குமாறு எடுக்கலாம்.

மிச்சத்துக்கு வழி இருக்கிறது. கார்ச் சில்லு ஓடுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கொங்கிறீற் போடலாம், நடுவில் புல்லு வளரட்டும். நடக்கவும் நாற்காலி தள்ளவும் ஒரு ஒடுக்கமான பாதை போதும். மற்ற இடத்துக்குச் சல்லி பரவலாம், அல்லது ஓட்டையுள்ள கல் பதிக்கலாம். ஏற்கெனவே மூடியவர்கள் சரிவை ஒரு மூலைக்கு எடுத்து, சல்லி நிரப்பிய கிடங்கு ஒன்று வெட்டலாம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் தள்ளி வெட்ட வேண்டும். கார் கழுவுகிற, எண்ணெய் சொட்டுகிற இடத்துத் தண்ணீரை அதற்குள் விடக்கூடாது. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடிக்கலாம். இவற்றில் பல, முழு வளவையும் மூடுவதை விடச் செலவு குறைந்தவை.

பிரதேச சபைகளிடமும் மாநகர சபையிடமும் ஒன்று கேட்கிறோம். கட்டட அனுமதி கொடுக்கும்போது வளவில் எவ்வளவு பங்கு திறந்த நிலமாக இருக்கும் என்று கேளுங்கள், பிறகு வந்து பாருங்கள். வாசிக்கிற நண்பர்களிடமும் ஒன்று. வீட்டில் தார்க் கதை தொடங்கினால் பேசாமல் எழும்பிப் போகாதேங்கோ. கொப்பியும் பேனையும் எடுத்து, எங்கட வளவு எத்தனை பேர்ச், மழை எவ்வளவு என்று அப்பாவுக்கு முன்னால் பெருக்கிக் காட்டுங்கோ. அடுத்த ஐப்பசிக்கு முதல் செய்தால் நல்லது.